பொம்மசந்திரா ஷெட்டில் ஓடிய குதிரை

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தால் காபி குடிக்க எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மாதிரிக் கதைகளிலேயே ஊறினவன் என்று நினைத்துவிடுவீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே பேய் எங்கள் தொழிலில் வருவது. அதற்குப் பெயரே கோஸ்ட் மார்க்கர். நடிப்பவர் உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் குமிழ்களைக் கேமரா எண்ணும்போது, எங்கேயோ ஒரு பெல்ட் பக்கிளோ வாட்ச் கண்ணாடியோ மின்னினால் அதையும் ஒரு குமிழாகச் சேர்த்துக்கொள்ளும். திரையில் ஆளில்லாத இடத்தில் ஒரு புள்ளி மிதக்கும். பன்னிரண்டு வருடமாக அந்தப் பேய்களைத் தேடித் தேடி அழிப்பதுதான் என் சம்பளத்துக்கான வேலை. எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கும், கண்டுபிடித்துவிடுவேன். என்னால் காரணம் சொல்ல முடியாமல் போனது ஒரே ஒரு பிற்பகலுக்குத்தான்.

என் பெயர் முரளி. வாணியம்பாடிப் பக்கம். வேலை பொம்மசந்திராவில், முன்பு அட்டைப்பெட்டி செய்துகொண்டிருந்த ஒரு பெரிய ஷெட்டில். சுற்றிலும் இரும்புச் சட்டம் கட்டி, அதில் கேமராக்களைத் தொங்கவிட்டிருக்கிறோம். கறுப்பு உடை போட்ட ஒருவர் நடுவில் நடப்பார், குதிப்பார், விழுவார். அவர் உடம்பின் குமிழ்களைக் கேமராக்கள் பின்தொடரும். அந்த அசைவை எடுத்து விளையாட்டுகளிலும் படங்களிலும் வரும் உருவங்களுக்குக் கொடுப்போம். முதலாளி ஹரீஷ், மைசூர்க்காரர், எங்களோடு பேசிப் பேசி வந்த தமிழ் பேசுவார்.

போன வருடம் கஜகஸ்தானில் ஒரு அருங்காட்சியகத்துக்காக ஒரு வேலை வந்தது. அங்கே புல்வெளியில் ஒரு மேட்டைத் தோண்டியிருக்கிறார்கள், உள்ளே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு, பக்கத்தில் அவளுடைய குதிரை, வில், அம்பறாத்தூணி. இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்தைய சகர் இனத்துப் பெண். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கலாம் என்றார்கள். அவள் குதிரையில் ஓடியபடி பின்னால் திரும்பி அம்பு விடுவதை ஒரு பெரிய திரையில் உயிரோடு காட்ட வேண்டும். அந்த அசைவை நாங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும். மேட்டைத் தோண்டிய குழுவிலிருந்த ஆய்வாளர் ஐகுல் என்கிற அம்மா தினமும் வீடியோ காலில் வருவார். எங்களுக்குப் புரியட்டும் என்று ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

உண்மையைச் சொல்கிறேன், அதுவரை எனக்குச் சரித்திரம் என்றால் பரீட்சைக்கு முந்தின நாள் மனப்பாடம் செய்து மறந்ததுதான். சகர் என்றால் அரசாங்கக் காலண்டரில் 'சக ஆண்டு' என்று போட்டிருக்கும், அவ்வளவு தெரியும். ஐகுல் சொல்லச் சொல்லத்தான் வாய் பிளந்தேன். ஊர் கட்டாத ஜனங்கள், வீட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு புல் இருக்கிற இடமாகப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தவர்கள். ஆனால் அவர்கள் தங்கத்தில் செய்த மான்களைப் பார்த்தால், கால் மடக்கி உட்கார்ந்திருக்கும் அந்த மான் அடுத்த நொடி எழுந்து ஓடிவிடும் போலிருக்கும். மரம், கொம்பு, நரம்பு மூன்றையும் பசை போட்டு ஒட்டி அவர்கள் செய்த வில் கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான், ஆனால் அதன் வேகத்துக்கு ராஜாங்கங்கள் பயந்தன. பாரசீகச் சக்கரவர்த்திகள் பாறையில் வெட்டி வைத்த பட்டியலில் கூர்த்தொப்பிச் சகர்கள் என்று தனியாக ஒரு பெயர் இருக்கிறதாம். அவர்களாக ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை, அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியதுதான் மிச்சம். அதில் ஐகுலுக்கு ஒரு வருத்தம். எழுதினவர்கள் எல்லாரும் அவர்களிடம் அடி வாங்கினவர்கள் என்பார்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் வேறு. அந்தக் காலத்தில் அவர்களுக்கு அங்கவடி கிடையாது, அதாவது சேணத்தில் கால் வைத்து ஊன்றிக்கொள்ளும் வளையம். அது பல நூற்றாண்டு கழித்து வந்தது. கால் ஊன்ற ஒன்றும் இல்லாமல், கம்பளி திணித்த ஒரு மெத்தையில் உட்கார்ந்து, நாலு கால் பாய்ச்சலில் இரண்டு கையையும் விட்டுவிட்டு, முதுகுப்பக்கம் திரும்பி அம்பு விட்டிருக்கிறார்கள். எப்படி விழாமல் இருந்தார்கள் என்று கேட்டேன். ஐகுல், அது தெரிந்த கடைசி ஆள் செத்துப் பல காலம் ஆகிறது, இப்போது செய்து காட்டுகிறவர்கள் எல்லாம் ஊகித்துச் செய்கிறார்கள் என்றார்.

அந்தப் பெண்ணாக நடிக்க வந்தவள் ரேவதி. திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண், ஈஜிபுராவில் தோழிகளோடு வாடகைக்கு இருக்கிறாள். முதலில் சாப்பாடு டெலிவரி வண்டி ஓட்டினாள், பிறகு கன்னட சீரியல்களில் ஹீரோயினுக்குப் பதில் மாடிப்படியில் உருளுகிற வேலை கிடைத்தது. பயம் அறியாத பெண், ஆனால் அசட்டுத் துணிச்சல் கிடையாது, மெத்தை எங்கே போட்டிருக்கிறது என்று தானே காலால் மிதித்துப் பார்ப்பாள். அவள் வாழ்க்கையில் குதிரை மேல் ஏறினதில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கப்பன் பார்க்கில் குழந்தைகள் ஏறுவார்களே, அதில்கூட இல்லை.

எங்களிடமும் குதிரை கிடையாது. நீளமான ஒரு இரும்பு டிரம், மேலே கம்பளிச் சேணம், அடியில் மோட்டார். குதிரை ஓடுவது போலவே முன்னும் பின்னும் எகிறித் தாழும். கரண்ட் போனால் நடுவில் உதறி நின்று ஆளைத் தள்ளிவிடக் கூடாதே என்று, கேமராக்களுக்கு இருப்பது போக, அதற்கும் தனியாக ஒரு யூபிஎஸ். அவசரத்துக்கு நிறுத்த சிவப்பு பட்டன். அந்த பட்டனைத் தினமும் காலையில் அழுத்திப் பார்ப்பது என் பொறுப்பு.

இரண்டு நாள் கயிற்று வளையத்தில் கால் வைத்துப் பழகினாள். மூன்றாம் நாள் ஐகுல் வளையத்தை எடுத்துவிட்டு ஒரு தடவை பார்க்கலாமா, மெதுவான ஓட்டம் போதும் என்று கேட்டார். ரேவதி சரி என்றாள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். மழை இறங்கி, ஷெட்டின் தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. ஐகுலின் வீடியோ ஏற்கெனவே அறுந்துபோயிருந்தது. ஹரீஷ் சாப்பிட்டுவிட்டு வருவதாக வெளியே போயிருந்தார். நான் மெதுவான ஓட்டத்தில் டிரம்மை விட்டேன். அவள் கையில் நாண் மட்டும் உள்ள வில், அம்பு கிடையாது.

இடி இடித்தது, கரண்ட் போய் வந்தது. வந்ததும் டிரம் முழு வேகத்தில் எகிற ஆரம்பித்தது. திரையில் குறைத்தேன், கேட்கவில்லை. சிவப்பு பட்டனை அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அடித்தேன். அன்று காலையில் நான் அதை அழுத்திப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே ஒயர் கழன்றிருக்கிறது, பிறகு பார்த்தோம். டிரம்முக்குக் கரண்ட் வருவது யூபிஎஸ் அறையிலிருந்து, அது பூட்டியிருந்தது, சாவி ஹரீஷிடம். அவருக்குப் போன் போட்டுக்கொண்டே கதவை உதைக்கிறேன். டிரம்முக்கு இரண்டு பக்கம்தான் மெத்தை, மற்ற இரண்டு பக்கம் இரும்புச் சட்டம். அந்த வேகத்தில் தூக்கி எறிந்தால் தலை அதில்தான் போய் அடிக்கும். குதித்துவிடு என்று கத்தவும் பயம், பிடித்துக்கொள் என்று கத்தவும் பிடிக்க ஒன்றும் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். ரேவதி எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

எப்படிச் சொல்வது. டிரம் அவளைத் தூக்கிப் போடவில்லை, அவள்தான் அதை ஓட்டினாள். அதன் ஒவ்வொரு எகிறலுக்கும் ஒரு நொடி முன்பே அவள் இடுப்பு தயாராக இருந்தது. இடது முழங்கால் முன்னால் போய்ச் சேணத்தை அழுத்தியிருந்தது, வலது குதிகால் டிரம்மின் அடிவயிற்றில் கொக்கி மாதிரி மடங்கியிருந்தது. நாங்கள் யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. பிறகு திரும்பினாள். இடுப்பிலிருந்து முழு உடம்பும் பின்னால் திரும்பியது, வில் வளைந்தது, விட்டாள். முன்னால் திரும்பினாள். மறுபடி பின்னால். அவசரமே இல்லை. டிரம் உச்சிக்குப் போய், இறங்குவதற்கு முன் அந்தரத்தில் ஒரு கணம் நிற்குமே, நாண் அந்தக் கணத்தில் மட்டும்தான் விடுபட்டது, ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நான் கதவை உதைப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு பெண்ணின் உயிர் போகக்கூடிய இடத்தில் நின்றுகொண்டு, இவ்வளவு அழகான ஒன்றை என் கண்ணால் பார்த்ததில்லை என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

ஹரீஷ் நனைந்தபடி ஓடிவந்து கதவைத் திறந்து யூபிஎஸ்ஸை அணைக்கும்போது மூன்று நிமிடம் தாண்டியிருந்தது. டிரம் தணிந்து நின்றது. ரேவதி உடனே இறங்கவில்லை. நாங்கள் அவளிடம் ஓடியபோது வராதீர்கள் என்பது போல ஒரு கையைக் காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து வலது பக்கமாகக் காலைத் தூக்கிப் போட்டு இறங்கி, தரையில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள். பாட்டில் முழுவதையும் குடித்த பிறகுதான் முகம் ரேவதி முகமாக ஆனது.

என்ன ஆயிற்று என்று கேட்டோம். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"யாரோ பின்னால உக்காந்து எம் இடுப்ப ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டாங்கண்ணா. இப்ப திரும்பு, இப்ப விடுன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. அது என்னா பாஷைன்னு தெரியல, ஆனா எனுக்குப் புரிஞ்சிது."

பயமாக இருந்ததா என்று ஹரீஷ் கேட்டார்.

"இல்ல சார். கொஞ்சங்கூட இல்ல. இப்பதான் பயமாக்கீது."

ஹரீஷ் என்னைத் தனியே கூட்டிப்போய், பெண்ணுக்கு அதிர்ச்சி, ஆஸ்பத்திரியில் காட்டி வீட்டில் விட்டுவிட்டு வா என்றார். காட்டினேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆட்டோவில் போகும்போது பட்டன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். காலையில் பார்க்காமல் விட்டது நான்தான் என்று. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நீங்க செக் பண்ணிருந்தீங்கன்னா அவங்க வந்திருக்க மாட்டாங்கண்ணா," என்றாள். பிறகு, "அதுக்குன்னு நாளைக்கும் விட்றாதீங்க."

அடுத்த நாள் காலை அந்தப் பதிவைத் திறந்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது, இடது தோளைத் தவிர. அங்கிருந்த மூன்று குமிழ்களும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே, ஒரு விரற்கடை கீழே இருந்தன. அந்தப் பக்கத் தோள் யாரோ உள்ளே தள்ளி அழுத்தியது போல. உடை நழுவியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் நழுவின உடை நழுவினபடியே இருக்க வேண்டுமல்லவா. டிரம் வேகம் எடுத்த நொடியில் தோள் உள்ளே போகிறது, அவள் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது சொந்த இடத்துக்கு வருகிறது. நடுவில் அந்த மூன்று நிமிடம் முழுக்க ஒரே அளவு, ஒரு மயிரிழை மாறவில்லை.

சரி, பழுதான பதிவு, திருத்துவதுதானே என் வேலை. தோளைத் தூக்கிச் சரியான இடத்தில் வைத்து, மற்ற அசைவையெல்லாம் அதற்கேற்ப நேராக்கி, குதிரை உருவத்தின் மேல் உட்காரவைத்து, எடை, வேகம் எல்லாம் போட்டு ஓட விட்டேன். பின்னால் திரும்பிய முதல் தடவையே உருவம் கீழே விழுந்தது. மறுபடி திருத்தினேன், மறுபடி விழுந்தது. மத்தியானம் வரை விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் சலித்துப்போய், திருத்தாத பதிவை அப்படியே ஏற்றினேன், கோணல் தோளோடு. விழவில்லை. வேகத்தைக் கூட்டினேன், விழவில்லை. குதிரையை மேட்டில் ஏற்றிப் பள்ளத்தில் இறக்கினேன், அவள் பாட்டுக்குத் திரும்பித் திரும்பி அம்பு விட்டுக்கொண்டு போனாள்.

ஹரீஷிடம் காட்டினேன். வாடிக்கையாளருக்குக் கோணல் தோளை எப்படிக் கொடுப்பது, நேராக்கிக் கொடுத்தால் விழுகிறதே என்று இரண்டு பேரும் குழம்பினோம். நேராக்கி, விழுகிற இடத்தை மட்டும் மூடி மறைத்து அனுப்ப என்னால் முடியும், அந்த மாதிரி வேலை நிறையச் செய்திருக்கிறேன். மனசு வரவில்லை. அவர் கன்னடத்தில் தனக்குத்தானே என்னமோ சொல்லிக்கொண்டு, "இருக்கறது இருக்கற மாதிரியே அனுப்புங்க முரளி. கேட்டா நடந்தத சொல்லிடலாம்," என்றார். தோள் பழுதாகப் பதிவாகியிருக்கிறது, காரணம் தெரியவில்லை என்று ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன்.

ஐகுல் இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் வீடியோவில் வந்து, குசலம்கூடக் கேட்காமல், அந்தப் பெண்ணின் எலும்பைப் பற்றி உங்களிடம் யார் சொன்னார்கள் என்றார். எந்த எலும்பு என்றேன். அவர் ஒரு படத்தைக் காட்டினார். மேட்டில் கிடைத்தவளின் இடது காரை எலும்பு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருப்பது. எப்போதோ உடைந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறினபடி கோணலாகக் கூடியிருந்தது. அதனால் அந்தத் தோள் உள்ளேயும் கீழேயும் போயிருக்கும், எவ்வளவு என்று அளந்து வைத்திருந்தார்கள். அந்த அளவை அவர் வாசித்தார். நான் என் திரையில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். இரண்டும் ஒன்றாக இருந்தன.

அந்த அளவு இன்னும் எங்கும் வெளியாகவில்லை, அவர் மேஜையில் இருக்கும் கட்டுரையில் மட்டும் இருக்கிறது. அதில் அவரே ஒரு வாக்கியம் எழுதியிருந்தாராம், இந்தக் காயத்துக்குப் பிறகு இவளால் வில் பிடித்திருக்க முடியாது, வில்லை வெறும் மரியாதைக்காக உடன் வைத்துப் புதைத்திருக்கிறார்கள் என்று. இப்போது எங்கள் பதிவைப் பார்க்கிறார். தோளால் முடியாததை அந்த உடம்பு இடுப்பாலும் முழங்காலாலும் செய்கிறது. வளைந்த தோளுக்கென்றே வேறு ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது, அதை வருடக்கணக்கில் பழகியிருக்கிறது. உடைந்த பிறகும் அவள் குதிரையிலிருந்து இறங்கவே இல்லை என்று சொல்லிவிட்டு ஐகுல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதை ஆதாரமாக எழுத முடியாது, எழுதினால் என்னைப் பைத்தியம் என்பார்கள், ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை இன்றே எடுத்துவிடுகிறேன் என்றார். எடுத்துவிட்டார்.

அருங்காட்சியகத்தில் இப்போது ஓடுவது அந்தத் திருத்தாத பதிவுதான். பார்க்க வருகிற வயதானவர்கள் சிலர் திரை முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார்களாம். ரேவதி இரண்டு வாரம் ஷெட் பக்கம் வரவில்லை. அப்புறம் ஒருநாள் வந்து, குதிரை ஏறக் கற்றுக்கொள்ள எங்கேயாவது இடம் தெரியுமா என்று கேட்டாள். சர்ஜாப்பூர் ரோடு தாண்டி ஒரு இடம் பிடித்துக் கொடுத்தோம். அங்கே எல்லாரையும் போலத்தான் விழுந்து எழுந்து கற்றாள், முதல் மாதம் நடக்கவே முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அன்று வந்தது திரும்பி வரவில்லை என்று அவளே சொல்கிறாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். குமிழ் தளர்ந்திருக்கும், அளவு ஒத்துப்போனது தற்செயல், உயிர்ப்பயத்தில் உடம்பு எதையும் செய்யும். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன், பெரும்பாலான நாட்களில் அது போதுமானதாகவும் இருக்கிறது.

ஆனால் பதிவின் கடைசி நாற்பது விநாடி ஒன்று இருக்கிறது. டிரம் நின்ற பிறகு, அவள் இறங்குவதற்கு முன். அருங்காட்சியகத்துக்கு அது தேவையில்லை, அதனால் வெட்டிவிட்டேன், என்னிடம் மட்டும் இருக்கிறது. அதில் அவள் முன்னால் சாய்ந்து வலது கையை நீட்டி எதையோ தட்டிக்கொடுக்கிறாள். எங்கள் டிரம்முக்குக் கழுத்து கிடையாது, அந்த இடத்தில் வெறும் காற்று. ஆனால் கை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் எதிலோ பட்டு நிற்கிறது, அங்கிருந்து ஒரு வளைவில் வழுக்கி இறங்குகிறது. கை நின்ற புள்ளிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தேன். ஒரு சின்னக் குதிரையின் கழுத்து.

அதோடு முடிந்திருந்தால் தூங்கிவிடுவேன். கடைசியில் அவள் உள்ளங்கையை அதன் மேல் அப்படியே வைத்துவிடுகிறாள், அசைக்கவில்லை. கை தானாக மெல்ல ஏறி இறங்குகிறது. முதலில் வேகமாக, பிறகு நிதானமாக, ஓடிக் களைத்த ஒன்று மூச்சு வாங்குவது போல. அவள் மூச்சாகத்தான் இருக்கும் என்று அவள் மார்பில் இருந்த குமிழ்களோடு ஒப்பிட்டேன். அவை வேறு கதியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நாற்பது விநாடியில் இரண்டும் ஒருமுறைகூடச் சேரவில்லை.